"நான் ஒருக்கா அவரோட கதைக்கட்டோ மிஸ்?"

போன மாதம் புதிதாக வேலைக்கு வந்த மிட்வைஃப் பிள்ளை ஒருத்தி முகமெல்லாம் சிரிப்போடு வந்து, "மிஸ், நான் அந்த அம்மாவின்ர மனுசனைக் கூப்பிட்டுக் கதைச்சிட்டன், இனிக் கை வைக்க மாட்டன் எண்டிட்டார்" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நானும் ஒரு காலத்தில் இதையே செய்துவிட்டு இப்படித்தான் சிரித்தேன்.

அடி வாங்கியவளைக் குறை சொல்லக் கூடாது, அடுத்த வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தருகிறார்கள். அவற்றை விடுவோம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து நாங்கள் மிட்வைஃப்மார் விடும் பிழைகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கணவரைக் கூப்பிட்டுப் புத்தி சொல்வது

வடமராட்சிப் பக்கம், ஆறு மாதக் கர்ப்பிணி. கையில் நீலம் பாரித்த தழும்பு. கிணற்றடியில் வைத்து மெல்லச் சொன்னாள். அன்று பின்னேரமே நான் படலையில் நின்று அவரைக் கூப்பிட்டேன். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார், "பிழை விட்டிட்டன் மிஸ்" என்று தலையைக் குனிந்தார். போர் வென்றவள் மாதிரி சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த இரண்டு கிளினிக்கும் அவள் வரவில்லை. பிறகு மாமியோடு வந்தாள், குரல் கரகரத்தபடி. "தடிமன் மிஸ்" என்றாள். மல்லி அவித்துக் குடிக்கச் சொன்னேன், அவ்வளவுதான். கழுத்தை நெரித்தால் வெளியே தழும்பே இல்லாமல் போகலாம், கரகரத்த குரலும் விழுங்கும்போது நோவும்தான் சில வேளை தெரியும் என்று பல வருடம் கழித்து ஒரு பயிற்சியில் கேட்டபோது கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. நெரித்தானா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்கவும் வழியில்லை, அதற்குப் பிறகு அவள் என்னிடம் வாயே திறக்கவில்லை.

அவர் என்னிடம் பொய்யாக நடித்தார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவருக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: மனைவி வெளியே சொல்லிவிட்டாள். அதற்கான கணக்கை நான் படலையைத் தாண்டிய பிறகு அவள்தான் தீர்க்க வேண்டும். ஒருமுறை கழுத்தில் கை வைத்தவன் பிறகு கொலை வரை போகும் ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே குரல் மாறியிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், மல்லித்தண்ணி வேண்டாம்.

இது குடும்பப் பிரச்சினை என்று நினைப்பது

2019இல் இலங்கை முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், கணவரோ துணையோ இருந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு அவரால் உடல் அல்லது பாலியல் வன்முறை நடந்திருந்தது. கிளினிக் வாங்கில் முப்பது பேர் இருந்தால் ஆறு பேர் என்று வையுங்கள். கர்ப்ப காலத்து வன்முறையால் குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, மனச்சோர்வு எல்லாம் கூடுகின்றன. இரும்புச்சத்துக் குளிசை கொடுக்கும் நாங்கள் இதை மட்டும் எங்கள் வேலையில்லை என்று எப்படிச் சொல்வது?

மாமி பக்கத்தில் நிற்கக் கேட்பது

எடை பார்க்க உள்ளே தனியாகக் கூட்டிப் போங்கள். போதும்.

கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதுவது

அது அவளுடைய வீட்டில்தான் இருக்கும். வீட்டில் எல்லாரும் வாசிப்பார்கள்.

"ஏன் இன்னும் விட்டுப் போகேல்லை?"

விட்டுப் போகும் நாட்கள்தான் மிக ஆபத்தானவை. அவள் உங்களைவிட நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறாள். பெண்களுக்கான உதவி எண் 1938ஐத் தாளில் எழுதிக் கொடுக்காமல் வாயால் சொல்லிப் பாடமாக்க வையுங்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவ அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் நட்பு நிலையம் பற்றியும், பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பற்றியும் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் 12 மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை தரலாம், அதற்கு விவாகரத்துக் கேட்கத் தேவையில்லை என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. சரி, அவள் இன்றைக்கு ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுப் பிள்ளை சொன்ன அந்த அம்மா போன கிளினிக்குக்கு வரவில்லை. வருகிற செவ்வாய் வந்தால், எடை பார்க்க நான்தான் உள்ளே கூட்டிப் போவேன்.