லொகேஷன் டேட்டா வச்சு சர்வே செய்யேக்க விடுற பிழைகள்

புறக்கோட்டைக் கடையளில வேலை செய்யிற மலையகப் பொடியள் கனபேர் கடைக்கு மேல்மாடியிலயே படுக்கிறவங்கள், ஆனா சர்வேக்கு எடுக்கிற வீட்டு லிஸ்ட்ல அந்தக் கட்டடம் கடை எண்டுதான் கிடக்கும், வீடு வீடாப் போற சர்வேயில விழமாட்டாங்கள், ஊரில கேட்டா "மகன் கொழும்பில" எண்டு சொல்லுவினம். இப்பிடி ரெண்டு பக்கத்தாலயும் நழுவுற ஆக்களைப் பிடிக்கத்தான் லொகேஷன் டேட்டா, அதாவது ஆக்கள் எங்க, எப்ப நிக்கினம் எண்ட விபரம். பிழையாப் பாவிச்சா அதுவும் பொய் சொல்லும்.

என்னைக் கேட்டா பெரிய பிழை இதுதான். ஆக்கள் கூடுற இடங்களையும் நேரங்களையும் லிஸ்ட் போட்டு, குலுக்கி எடுத்து, அங்க நிக்கிறவையைக் கேட்டு எழுதிக்கொண்டு வாறம், பிறகு எல்லாரையும் ஒரே மாதிரி எண்ணுறம். கிழமையில 6 நாள் வாற நாட்டாமி (மூட்டை தூக்கிறவர்) எங்கட கையில மாட்டுற சான்ஸ் ஒரு நாள் வாறவரை விட 6 மடங்கு எல்லோ? 6 நாள் வாற ஆக்கள் 60 பேரும் ஒரு நாள் வாற ஆக்கள் 10 பேரும் சாம்பிள்ல வந்தா, 60ஐ 6ஆல பிரிச்சுப் பாருங்கோ, உண்மையில ரெண்டும் சரிபாதி. இதுக்கு "போன கிழமை எத்தினை நாள் இங்க வந்தனீங்கள்?" எண்ட ஒரே ஒரு கேள்வி போதும், அதைக் கேக்காமல் வந்தா பிறகு எந்த சொஃப்ட்வெயராலயும் வெயிட் போடேலாது, அதாவது இப்பிடிப் பிரிச்சுச் சரிக்கட்டேலாது.

லிஸ்டும் பழசாகும். புறக்கோட்டையில இருந்த மெனிங் மார்க்கெட் எண்ட மொத்த மரக்கறிச் சந்தை பேலியகொடைக்குப் போயிட்டுது, இன்னும் பழைய மேப்போட புறக்கோட்டையில போய் நிண்டா மரக்கறி மூட்டை தூக்கிறவையை எங்க பிடிக்கிறது? அதுவும் மொத்த வியாபாரத்துக்கு விடியப்புறம் போகோணும், ஒஃபிஸ் டைமில இல்லை.

தொடர்மாடியளில இன்னொரு கூத்து. 12 மாடிக்கும் ஜிபிஎஸ் ஒரே புள்ளியைத்தான் காட்டும், டூப்ளிகேட் எண்டு நினைச்சு ஆரோ அழிச்சுப்போடுவினம். மாடி, கதவு நம்பர் ரெண்டையும் கையால எழுதோணும். கொழும்பில தோட்டம் எண்டு சொல்லுற நெருக்கமான குடியிருப்புகளில ஒழுங்கை ஒடுக்கம், பத்து மீட்டர் விலகினாலே வேற வீடு.

ஃபோன் டேட்டாவையே நம்பி இருக்கிறதும் சரிவராது. இலங்கையில சனத்தை விட மொபைல் கனெக்ஷன் கூட, ஒராளிட்ட ரெண்டு சிம் இருக்கும், வீட்டு வேலைக்கு நிக்கிற அம்மாவிட்ட ஒண்டும் இருக்காது.

கடைசியா, ஒளிச்சு வாழுற ஆக்களின்ட புள்ளியை அப்பிடியே மேப்பில போடுறது. தயவுசெய்து வேண்டாம். டிஎச்எஸ் எண்ட குடித்தொகை, சுகாதார சர்வேயில, ஆக்களைக் காட்டிக் குடுக்காமல் இருக்க, நகரப் புள்ளியளை 2 கிலோமீட்டர் வரைக்கும், கிராமத்தில பொதுவா 5 வரைக்கும் வேணுமெண்டே நகர்த்தித்தான் வெளியில விடுறவை. அந்த மாதிரி நகர்த்தின புள்ளியை எடுத்து இது எந்த கிராம சேவகர் பிரிவு எண்டு சிலர் கணக்குப் பாக்கினம், கொழும்பில 2 கிலோமீட்டர் எண்டா கொட்டாஞ்சேனை வீடு புறக்கோட்டையில போய் நிக்கும்.