நாய்க் கண்காட்சிக்கு என்ன உடுத்துவது? நாயைக் காட்டும் ஹேண்ட்லர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதன்முதலாக நான் ரிங்கில், அதாவது நடுவர் நாய்களைப் பார்க்கும் களத்தில், இறங்கியது ஒரு கன்னி நாயுடன். கன்னி நம் ஊர் வேட்டை நாய் இனம். உடம்பெல்லாம் கருப்பு, கால்களிலும் கண்ணுக்கு மேலேயும் மட்டும் பழுப்பு. மூன்று மாதம் காலையும் மாலையும் நடை பழக்கினேன். அசையாமல் நிற்கப் பழக்கினேன், பல்லைக் காட்டப் பழக்கினேன். என் உடையைப் பற்றி மட்டும் முந்தின நாள் இரவுதான் யோசித்தேன். நல்ல உடை என்று என்னிடம் இருந்தது ஒரு கருப்பு பேண்ட். அதையே போட்டுக்கொண்டு போனேன்.

நடுவர் எங்கள் முன்னால் வந்து நின்றார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் என்னைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொன்னார். ஏன் என்று அப்போது புரியவில்லை. வீட்டுக்கு வந்து தம்பி எடுத்த படங்களைப் பார்த்தபோதுதான் புரிந்தது. கன்னியின் அழகே அதன் உடற்கோடுதான்: இறங்கிய நெஞ்சு, உள்வாங்கிய வயிறு, லேசாக வளைந்த இடுப்பு. அந்தக் கோடு முழுவதும் என் பேண்ட்டோடு கலந்து காணாமல் போயிருந்தது. மூன்று மாத உழைப்பை நானே மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அன்றிலிருந்து புதிதாக நாய் காட்ட வருகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது உடையைப் பற்றித்தான்.

ரிங்கில் நடுவர் நடுவில் நிற்பார். நாயை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நாம் சுற்றி ஓடுவோம். அப்படியென்றால் நடுவருக்கும் நமக்கும் நடுவில் நாய் இருக்கும். வரிசையில் நிறுத்தும்போதும் நாய் நடுவர் பக்கம், நாம் அதற்கு அந்தப் பக்கம். ஆக, நடுவர் பார்க்கும் படத்தில் நாய்க்குப் பின்னால் தொங்கும் திரை நம் கால்கள்தான். ஒரு நாய்க்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் தலை, தோள், முதுகு, பின்னங்கால் கோணம், வால் தொடங்கும் இடம், நடை எல்லாவற்றையும் அவர் பார்த்தாக வேண்டும். திரை சரியில்லை என்றால் அந்த நிமிடங்களில் பாதி வீண்.

நிறத்தில் நடக்கும் தவறுகள்

அதிகம் பார்க்கக் கிடைப்பது கருப்பு நாய்க்குக் கருப்பு பேண்ட். கருப்பு லேப்ரடார், டாபர்மேன், ராட்வீலர் வைத்திருப்பவர்களில் பலர் கோட்டு சூட்டு என்றாலே கருப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த நாய்களுக்குச் சந்தன நிறமோ வெளிர் சாம்பலோ போதும், கோடு பளிச்சென்று தெரியும். கன்னிக்கும் இதுவேதான்.

ராஜபாளையத்துக்கு நேர் எதிர். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. பின்னால் கருநீலமோ அரக்கோ இருந்தால் செதுக்கி வைத்ததுபோல் நிற்கும். வெள்ளை வேட்டி சட்டை நம் ஊரில் மரியாதையான உடை, சந்தேகமில்லை. ஆனால் ராஜபாளையத்துக்குப் பின்னால் அது நின்றால் நாயின் முதுகு எங்கே முடிகிறது, வேட்டி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. ஓடும்போது காற்றில் படபடத்து நாயின் முகத்திலும் அடிக்கும். வேட்டியைப் பரிசு வாங்கும் விருந்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிப்பிப்பாறையிலும் கோம்பையிலும் சிக்கல் வேறு மாதிரி. மணல் நிறச் சிப்பிப்பாறைக்குப் பின்னால் காக்கி பேண்ட், செம்பழுப்புக் கோம்பைக்குப் பின்னால் பழுப்பு பேண்ட் என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் "நாய்க்கு மேட்சிங்கா எடுத்தேன்" என்பார்கள். ஆசை புரிகிறது. ஆனால் ரிங்கில் மேட்சிங் வேண்டாம், எடுத்துக்காட்டும் நிறம்தான் வேண்டும். மேட்சிங் ஆக வேண்டியது ஒன்றே ஒன்று, கழுத்தில் போட்டு நாயைப் பிடித்து நடத்தும் மெல்லிய வார், ஷோ லீட். அது நாயின் நிறத்தோடு ஒட்டிப்போனால் கழுத்துக்கோடு உடையாமல் தெரியும். வெள்ளை நாய்க்குச் சிவப்பு லீட் போட்டால் கழுத்தை இரண்டாக வெட்டினதுபோல் இருக்கும்.

சின்ன நாய்களைக் காட்டுகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பக், ஷிட்சு, பொமரேனியன் போன்றவற்றை நடுவர் மேஜைமேல் நிறுத்தித்தான் தொட்டுப் பார்ப்பார். அப்போது நாய்க்குப் பின்னால் இருப்பது உங்கள் சட்டை. கீழே இறக்கி நடத்தும்போது மட்டும்தான் பேண்ட். பேண்ட்டைக் கவனமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, மணல் நிறப் பக்குக்குப் பின்னால் சந்தன நிறச் சட்டையில் நின்றால் அந்தக் கவனம் பாதியோடு நின்றுவிடுகிறது.

கட்டம், பூ, பெரிய கோடு எல்லாம் எந்த நாய்க்கும் தொல்லை. அதிலும் வெள்ளையில் கருந்திட்டு உள்ள கிரேட் டேன், மூன்று நிறப் பீகிள் போன்றவற்றுக்குப் பின்னால் பூப்போட்ட துணி இருந்தால் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும். ஒரே நிறத் துணி போதும். ஜரிகை, ஜிகினா, மின்னும் சாட்டின் எதுவும் வேண்டாம். வெயிலில் அவை அடிக்கும் வெளிச்சம் நடுவரின் கண்ணைத்தான் முதலில் இழுக்கும்.

ஒரே நாளில் மூன்று நாலு நாய்களைக் காட்டும் ஹேண்ட்லர்களுக்கு இது உண்மையிலேயே கடினம். கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே ஓடிப்போய் உடை மாற்ற நேரம் இருக்காது. நடுத்தரமான சாம்பலோ நீலமோ அவர்களுக்குக் கைகொடுக்கும். எந்த நாய் இறுதிச் சுற்றுவரை போகும் என்று நம்புகிறார்களோ அதற்குப் பொருத்தமாக ஒரு மாற்று உடையைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, இந்த நிறம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டு மொட்டைமாடியில் நாயை நிறுத்தி, அதே உடையில் பின்னால் நில்லுங்கள். பதினைந்தடி தள்ளி நின்று ஒருவர் செல்போனில் படம் எடுக்கட்டும். அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முதுகின் கோடும் வயிற்றின் கோடும் அப்போதும் தெளிவாகத் தெரிந்தால் அந்த உடை சரி. கருப்பு வெள்ளையில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும், ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால் தூரத்தில் கோடு மங்கிவிடும்.

பறப்பதும் தொங்குவதும்

துப்பட்டா. இதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாயை நிறுத்தக் குனியும்போது அது சரிந்து நாயின் கண்ணை மூடும். ஓடும்போது பின்னால் வரும் நாயைச் சீண்டும். ஊக்கு குத்தினாலும் ஒரு நுனி எப்படியும் பறக்கும். ரிங்குக்குள் துப்பட்டா இல்லாமல் போவதே நல்லது. குர்த்தியின் பக்கவாட்டு வெட்டு இடுப்புவரை இருந்தால் முன்பாகம் பாய்மரம் மாதிரி விரியும், ஆகவே முழங்கால் அளவில், உடம்போடு ஒட்டி நிற்கும் குர்த்தி பாருங்கள். புடவையில் சின்ன நாயை அழகாக நடத்தும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். பருத்திப் புடவை, மடித்துக் குத்திய முந்தானை, கணுக்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிய கொசுவம். டாபர்மேனையோ கிரேட் டேனையோ இழுத்து ஓட அது ஒத்துவராது. பேண்ட் சூட்டுதான் நிம்மதி.

ஆண்களுக்குத் தொல்லை டையும் திறந்த கோட்டும். குனிந்தால் டை நாயின் மூக்குக்கு நேராக ஊசலாடும், குட்டி நாய் கவ்வ வரும். ஒரு டை பின் போதும். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடுங்கள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, நீளச் சங்கிலி, விரித்துவிட்ட கூந்தல் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். கூந்தல் நாயின் முதுகில் விழுந்தால் நடுவர் பார்க்க வேண்டிய கோடு அங்கே முடிந்துபோகும்.

குனிவதும் மண்டியிடுவதும் இந்த வேலையில் ஓயாமல் நடப்பவை. இறக்கமான கழுத்து, குட்டைப் பாவாடை, இடுப்பில் இறங்கும் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தவர்கள் நாயைவிடத் தங்கள் துணியைச் சரிசெய்வதில்தான் கையை வைத்திருப்பார்கள். அந்தப் பதற்றம் லீட் வழியாக நாய்க்கும் போகும். வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒருமுறை குனிந்து, உட்கார்ந்து, எழுந்து, ஓடிப் பார்த்துவிடுங்கள்.

சத்தம்

வளையல், கொலுசு, பாக்கெட்டில் சில்லறை, பைக் சாவி. நமக்குப் பழகிய சத்தம், நம் காதில் விழவே விழாது. நாயின் காது உடனே திரும்பும். நடுவர் முகத்தைப் பார்க்கும் அந்த நொடியில் காது பின்னால் மடிந்தால், அந்த இனத்துக்குரிய முகபாவமே போய்விடும். ரிங்குக்குள் போகுமுன் பாக்கெட்டைக் காலி செய்யுங்கள். செல்போனைத் துணைக்கு வந்தவரிடம் கொடுங்கள்.

ஒரு பாக்கெட் மட்டும் வேண்டும், வேகவைத்த ஈரலோ கோழித்துண்டோ வைக்க. இடக்கையில் லீட் இருக்கும் என்பதால் பாக்கெட் வலப்பக்கம் இருப்பது வசதி. பாக்கெட்டே இல்லாத லெகிங்ஸில் வந்து, ஈரலைக் கைக்குள் பொத்திக்கொண்டு நாயின் பல்லைக் காட்ட முயல்வதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாய் பல்லைக் காட்டாது, கையைத்தான் நக்கும்.

செருப்பும் ஷூவும்

நாயின் நடையைக் காட்ட அதன் வேகத்துக்கு நாம் ஓட வேண்டும். பெரிய இனங்களுக்கு அது நல்ல ஓட்டம். ஹவாய் செருப்பு ஒவ்வொரு அடிக்கும் தட்டும், நாய் அந்தச் சத்தத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே கோணலாக நடக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு புல்தரையில் புதையும். சின்ன நாயின் பாதத்தில் பட்டால் எலும்பே முறியலாம். தோல் அடி வைத்த பளபளப்பான ஆபீஸ் ஷூவும் ஆபத்துதான். காலையில் பனி படிந்த புல்லில் அது வழுக்கும். ஓடும் வேகத்தில் நீங்கள் விழுந்தால் லீட்டோடு நாயின் கழுத்தும் சேர்ந்து இழுபடும்.

ரப்பர் அடி வைத்த, தட்டையான, ஏற்கெனவே காலுக்குப் பழகிய ஷூ. வேறு எதுவும் வேண்டாம். கோட்டுக்குக் கீழே கருப்பு ரப்பர் ஷூ போட்டிருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். புது ஷூவை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போடுவது மட்டும் வேண்டாம். பகல் முழுக்க நின்ற கால், மாலை இறுதிச் சுற்றில் நொண்டும்.

வெயிலும் குளிரும்

தமிழ்நாட்டில் சமவெளிக் கண்காட்சிகள் பெரும்பாலும் மழை முடிந்த குளிர்மாதங்களில் நடக்கின்றன, மலையில் கோடையில். சென்னையில் ஜனவரியிலும் மதிய வெயில் சுடும். கம்பளிக் கோட்டில் வேர்த்து வழிந்தால் கை வழுக்கும், பொறுமை போகும். பருத்தியோ லினனோ கலந்த மெல்லிய கோட்டு போதும். அதையும் ரிங்குக்குள் போகும்போது மாட்டிக்கொள்ளலாம். ஊட்டியில் மே மாதக் காலையில் நடுக்கும், மதியம் மழை கொட்டலாம். அங்கே பலர் செய்யும் தவறு, நைலான் மழைக்கோட்டை அன்றுதான் முதன்முதலாக நாய்க்குக் காட்டுவது. அதன் சரசரப்பைக் கேட்டு நன்றாகப் பழகிய நாய்கூட வாலை இடுக்கும். தொப்பியும் அப்படித்தான், பழக்காத நாய்க்கு அது வேறு ஆள்.

காலையிலேயே கண்காட்சி உடையோடு நாயைச் சீவ உட்காராதீர்கள். மேலே ஒரு பழைய சட்டை போட்டுக்கொண்டு சீவுங்கள். செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் வளர்ப்பவர்களுக்கு எச்சில் துடைக்கும் துண்டு இல்லாமல் முடியாது. அதை முழுதாக மடித்துப் பாக்கெட்டில் வையுங்கள், இடுப்பில் தொங்க வேண்டாம்.

பெயர் பொறித்த சட்டை

தங்கள் கென்னலின், அதாவது நாய் வளர்ப்பகத்தின், பெயரையோ, "சாம்பியன்" என்று நாயின் படத்தையோ அச்சடித்த டீ சர்ட்டில் சிலர் வருகிறார்கள். பெருமை நியாயமானது. ஆனால் நடுவர் பார்க்க வேண்டியது அந்த நிமிடம் முன்னால் நிற்கும் நாயை மட்டும்தான். அது யாருடைய நாய், எந்தக் கென்னல் என்பது அவர் கண்ணில் படக்கூடாது. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிகளில் இதற்கு வெளிப்படையான தடையே உண்டு. ரிங்குக்கு வெளியே அந்த டீ சர்ட்டைத் தாராளமாகப் போடுங்கள். உள்ளே உங்களுக்கு அடையாளம் எண் அட்டை மட்டும்தான். அது தெளிவாகத் தெரியும்படி இருக்கட்டும்.

ஜூனியர் ஹேண்ட்லிங்கில் இறங்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் நாயின் தரத்தை நடுவர் மதிப்பிடுவதில்லை, பிள்ளை நாயை எப்படிக் கையாள்கிறது என்பதைத்தான். அதனாலேயே பெற்றோர் கல்யாணத்துக்கு எடுத்ததுபோல் கோட்டு எடுத்துவிடுகிறார்கள், அடுத்த வருடமும் ஆகட்டும் என்று ஒரு அளவு பெரிதாகவே. கைப்பகுதி விரல்வரை இறங்கி லீட்டைப் பிடிக்க முடியாமல் தவித்த ஒரு பையனை என்னால் மறக்க முடியவில்லை. நாயை அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தான். அளவான சட்டை, பேண்ட், பழகிய ஷூ. பிள்ளைக்கு அவ்வளவு போதும்.

எந்த உடையை எடுத்தாலும் கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்பே அதைப் போட்டுக்கொண்டு, அதே ஷூவில், பாக்கெட்டில் ஈரலோடு, நாயை இரண்டு மூன்று நாள் நடத்துங்கள். கோட்டு விளிம்பு நாயின் காதில் உரசுகிறதா, குனியும்போது தையல் பிடிக்கிறதா, பாக்கெட்டில் கை சட்டென்று நுழைகிறதா என்று பாருங்கள். சரிசெய்யக் கையில் இன்னும் நாலு நாள் இருக்கும், தையல்காரரும் திறந்திருப்பார்.