கள்ளிக்கும் கத்தரிக்கும் ஒரே வாளித் தண்ணீரா?

கொழும்பு வெள்ளவத்தை மாடிவீட்டுப் பல்கணியில் கள்ளிச் சாடியையும் கத்தரிச் சாடியையும் அருகருகே வைத்து, இரண்டுக்கும் தினமும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். கத்தரி காய்த்தது. கள்ளியின் அடித்தண்டை விரலால் அழுத்தினால் பழுத்த வாழைப்பழம்போல உள்ளே போனது. அழுகிவிட்டது.

கள்ளி தண்ணீரைத் தண்டிலேயே சேமிக்கும். அதன் முள்தான் இலை. பகலில் நீராவி போகாமலிருக்க, தண்டிலுள்ள நுண்துளைகளை இரவில்தான் திறக்கும். கத்தரிக்கு அகன்ற இலை, பகல் முழுக்க நீரை வெளியே விடும். நண்பகலில் வாடித் தொங்குவது அதனால்தான்.

கொழும்பில் கள்ளிக்கு வெயிலைவிட மழைதான் எதிரி. மே மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்பே கூரைக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். மண்ணில் பாதி ஆற்றுமணல் கலந்து, அடியில் துளையுள்ள சாடியில் வையுங்கள். தண்ணீர் ஊற்றுமுன் ஓர் ஈர்க்கை ஆழமாகக் குத்தி எடுங்கள். ஈரமண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். கத்தரிக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை, மேல்மண் காய்ந்தால் ஊற்றலாம். அப்புறம், அதற்குப் பசி அதிகம்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிடி கூட்டெரு போடுங்கள். கள்ளிக்கு அதைப் போட்டுவிடாதீர்கள்.