வளர்ந்த பிறகு டிஸ்லெக்ஸியா பரிசோதனை: எங்கே தொடங்குவது, என்ன கொண்டுபோவது

பள்ளிக்கூடத்தில் ‘கவனக்குறைவு’ என்று ரேங்க் கார்டில் எழுதி முடித்துவிட்டார்கள். மனப்பாடம் கைகொடுத்தது, எப்படியோ பிளஸ் டூ தாண்டியாயிற்று. கல்லூரியில் பாடம் புரிகிறது, கேட்டால் வாயால் சொல்லிவிட முடிகிறது. ஆனால் பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் படித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் இரண்டாவது விடைக்குப் போய்விடுகிறார்கள். இது ஒரு வகை ஆள். இன்னொரு வகை, வேலைக்குப் போய்ப் பல வருடம் ஆனவர். மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது புத்தி இருந்தும் படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற வைக்கும் குறைபாடு என்று டாக்டர் விவரிக்கும்போது, ‘இதெல்லாம் எனக்கும் இருந்ததே’ என்று அங்கேயே தோன்றியிருக்கும். இந்த இருவருக்காகவும் இதை எழுதுகிறேன். அலுவலகம், சான்றிதழ் விவரமெல்லாம் தமிழ்நாட்டை வைத்துத்தான்.

டிஸ்லெக்ஸியாவைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. படிக்கச் சொல்லி, எழுதச் சொல்லி, கதை கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். வளர்ந்தவர்கள் விஷயத்தில் பரிசோதனை மதிப்பெண்ணைவிட அந்தப் பழைய கதைக்கு எடை அதிகம். ஆகவே கீழே உள்ள வேலைகளில் முக்கியமானவை, நிபுணரைப் பார்க்கப் போவதற்கு முன்பே செய்ய வேண்டியவை.

படி 1: எந்தக் காகிதம் வேண்டும்?

இதில் இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று, மருத்துவ உளவியலாளர் தரும் மதிப்பீட்டு அறிக்கை. மற்றது, அரசு மருத்துவக் குழு தரும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ். பலர் முதலாவதை வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டாவது தேவைப்படும் இடத்தில் நீட்டித் திரும்பி வருகிறார்கள்.

‘எனக்கு என்னதான் பிரச்சினை என்று தெரிந்தால் போதும்’ என்பவருக்கு அறிக்கை போதும். அலுவலகத்தில் மேலாளரிடம் பேசுவதற்கும் பெரும்பாலும் அதுவே போதும். அரசுத் தேர்வில் கூடுதல் நேரம், இடஒதுக்கீடு, பல்கலைக்கழகத் தேர்வில் சலுகை என்றால் சான்றிதழ் இல்லாமல் நடக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ ஒன்று. டிஸ்லெக்ஸியா அதற்குள்தான் வருகிறது. விண்ணப்பங்களிலும் இந்தப் பெயரைத்தான் தேட வேண்டும். டிஸ்லெக்ஸியா என்று தேடினால் கிடைக்காமல் போகலாம்.

படி 2: மற்ற காரணங்களைச் சரிபார்த்துவிடுங்கள்

கண், காது இரண்டையும் பரிசோதித்து, அந்தச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். டிஸ்லெக்ஸியா கண் நோய் அல்ல. இருந்தாலும் எந்த நிபுணரும் முதலில் கேட்பது இதைத்தான். கவனச்சிதறல், பதற்றம், மனச்சோர்வு இருந்தாலும் படிப்பு தடுமாறும். அவை டிஸ்லெக்ஸியாவோடு சேர்ந்தும் வரும். மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென்று ஆங்கிலப் புத்தகம் கைக்கு வந்தால் யாருக்கும் வாசிப்பு மெதுவாகத்தான் இருக்கும். அது பழக்கமின்மை. தமிழில் சரளமாகப் படித்து, ஆங்கிலத்தில் மட்டும் திணறினால் டிஸ்லெக்ஸியா என்று சட்டென்று முடிவுகட்டாதீர்கள். ஒரு தமிழ் நாளிதழின் தலையங்கத்தைச் சத்தமாகப் படித்து போனில் பதிவு செய்யுங்கள். வரி தாவுகிறதா, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறீர்களா, கொம்பும் காலும் இடம் மாறுகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். ண, ன, ந குழப்பத்தையும் ல, ள, ழ குழப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். அந்தப் பிழை இல்லாதவர் நம்மில் குறைவு.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உறவு ஆங்கிலத்தைவிட நேரானது. இப்படிப்பட்ட மொழிகளில் டிஸ்லெக்ஸியா தப்பாகப் படிப்பதாகத் தெரிவதைவிட, மெதுவாகப் படிப்பதாகவே அதிகம் தெரியும். ‘தப்பில்லாமல் படிக்கிறாய், உனக்கு ஒன்றுமில்லை’ என்று பள்ளியில் விட்டுவிட்டதற்கு இதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

படி 3: பரணைக் கிளறுங்கள்

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதுதான் முக்கியமான படி. டிஸ்லெக்ஸியா நடுவில் முளைப்பதில்லை, பள்ளி வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். மனநலக் குறைபாடுகளை வரையறுக்க அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம். 5 என்ற கையேட்டில் ஒரு வரி உண்டு: 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, படிப்பைப் பாதித்த கற்றல் சிரமங்களுக்கு ஆவண வரலாறு இருந்தால், தரப்படுத்திய பரிசோதனைக்குப் பதிலாக அதையே ஏற்கலாம். உங்கள் பழைய நோட்டுக்கு அவ்வளவு மதிப்பு.

தேட வேண்டியவை: தொடக்கப் பள்ளி ரேங்க் கார்டுகள், ஆசிரியர் எழுதிய குறிப்புகள், சிவப்பு மை நிறைந்த கட்டுரை நோட்டு, டிக்டேஷன் நோட்டு, கணக்கில் 80, மொழிப் பாடத்தில் 38 என்று வித்தியாசம் காட்டும் மதிப்பெண் பட்டியல், அரியர் விவரம். டியூஷன் வைத்தது, வகுப்பில் ஒரு வருடம் நிறுத்தி வைத்தது, ஸ்கூல் மாற்றியது எல்லாமே தகவல்தான்.

அடுத்து, அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை வயதில் பேச ஆரம்பித்தேன்? அ, ஆ எழுத எவ்வளவு நாள் பிடித்தது? சத்தமாகப் படிக்கச் சொன்னால் அழுதேனா? அப்பா, சித்தப்பா, தாய்மாமா யாருக்காவது இப்படி இருந்ததா என்றும் கேளுங்கள். டிஸ்லெக்ஸியா குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. ‘உங்கப்பாவும் பேப்பரைத் தொடவே மாட்டார், நான்தான் படிச்சுக் காட்டணும்’ என்று ஒரு பதில் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் வயதுவாரியாக ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுதக் கஷ்டமாக இருந்தால் பேசிப் பதிவு செய்து, வேறு யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இணையத்தில் கிடைக்கும் ‘ஐந்து நிமிட டெஸ்ட்’களை நம்ப வேண்டாம். லெஃப்லியும் பென்னிங்டனும் 2000இல் வெளியிட்ட, பெரியவர்களின் வாசிப்பு வரலாற்றைக் கேட்கும் கேள்வித்தாள் ஆராய்ச்சிகளில் பயன்படுவது. அதுவும் ஒரு முன்னோட்டம்தான், முடிவல்ல.

படி 4: யாரிடம் போவது

மருத்துவ உளவியலாளரிடம். கவுன்சிலர் என்று பலகை மாட்டிய எல்லோரும் இதைச் செய்ய முடியாது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் போக வேண்டாம்.

அரசுத் தரப்பில், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுத் தொடங்கலாம். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் பலருக்கும் தெரிந்த இடம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் நெடுங்காலமாக இயங்குகிறது. அவர்கள் வேலை பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளோடு என்றாலும், வழி கேட்கலாம்.

போன் செய்யும்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதிப்பீர்களா? எந்த மொழிகளில்? எழுத்து அறிக்கையும் சேர்த்துத்தான் கட்டணமா? முதல் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் அதிகம் புழங்கும் நிம்ஹான்ஸ் பரிசோதனைத் தொகுதி 5 முதல் 7 வயது, 8 முதல் 12 வயது என்று இரண்டு நிலைகளில் குழந்தைகளுக்காக உருவானது. அதை மட்டும் வைத்து 22 வயதுப் பட்டதாரியைச் சோதித்தால் அவர் சுலபமாகத் தேறிவிடுவார். ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலோடு வீடு திரும்புவார்.

‘மூன்று மாதத்தில் குணமாக்குகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் இடங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

படி 5: பரிசோதனை நாள்

சில மணி நேரம் பிடிக்கும், பல இடங்களில் இரண்டு மூன்று அமர்வாகப் பிரிப்பார்கள். சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்து போங்கள். கண்ணாடி போடுபவர் மறக்காமல் எடுத்துப்போங்கள்.

முதலில் கதை கேட்பார்கள். பிறகு அறிவுத்திறன் சோதனை. பெரியவர்களுக்கு வெய்ஸ் என்ற தொகுதி பரவலாகப் பயன்படுகிறது. கட்டைகளை அடுக்குவது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது போன்றவை இருக்கும். மொத்த எண்ணைப் பார்த்து பயப்படவோ பூரிக்கவோ வேண்டாம். சொல்லறிவு உயர்ந்தும் வேகமும் நினைவாற்றலும் தாழ்ந்தும் இருக்கின்றனவா என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அடுத்து வாசிப்பு. சொற்பட்டியல், பத்தி, பிறகு அர்த்தமே இல்லாத போலிச் சொற்கள். ‘தொமிகை’, ‘கெரூமி’ என்று ஏதாவது வரும். சிரிப்பு வரலாம், ஆனால் உண்மையை அதிகம் வெளிக்கொண்டுவருவது இந்தப் பகுதிதான். வளர்ந்தவர்கள் பல ஆயிரம் சொற்களை உருவத்தோடு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். இதுவரை பார்க்காத சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போதுதான் அடிப்படைத் திறன் தெரியும். ஒலி விளையாட்டும் இருக்கும்: ‘பட்டாசு’ என்பதில் ‘ட்டா’வை எடுத்தால் என்ன? விடை ‘பசு’. சிலருக்கு இது நொடியில் வரும், சிலருக்கு வியர்க்கும். நிறங்களையோ எண்களையோ கடகடவென்று சொல்லச் சொல்வதும் உண்டு.

வேகத்தையும் அளக்கிறார்களா என்று பாருங்கள். நேரக் கட்டுப்பாடு இல்லாமல் படித்தால் நம்மில் பலரும் சரியாகவே படித்துவிடுவோம்.

இதற்காக முன்கூட்டியே பயிற்சி எடுக்காதீர்கள். வேண்டுமென்று மோசமாகவும் செய்யாதீர்கள். அனுபவப்பட்டவருக்கு இரண்டுமே தெரிந்துவிடும்.

படி 6: அறிக்கையை வாங்கும்போது

கையில் வாங்கியதும் கிளம்பிவிடாமல், எதிரில் உட்கார வைத்து வாயால் விளக்கச் சொல்லுங்கள். முடிவு என்ன, எந்த மதிப்பெண்ணின் அடிப்படையில், என்ன பரிந்துரை என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். ‘கூடுதல் நேரம் தேவை’ என்று பொதுவாக எழுதுவதைவிட, எதற்காகத் தேவை என்ற காரணமும் இருந்தால் கல்லூரியில் வாதாட வேண்டியிருக்காது. உளவியலாளரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை, தேதி இருக்கின்றனவா பாருங்கள்.

‘டிஸ்லெக்ஸியா இல்லை’ என்று வந்தாலும் அறிக்கை வீணில்லை. கவனச்சிதறலோ வேறொன்றோ அதில் தெரியவரலாம்.

படி 7: அரசுச் சான்றிதழ்

மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் சான்றிதழுக்கும் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், போட்டோ, முகவரிச் சான்று போதும். பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு கூப்பிடும். தனியார் அறிக்கை இருந்தாலும் அவர்கள் தனியே பரிசோதிப்பார்கள். பழைய காகிதங்களின் அசலையும் ஜெராக்ஸையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

2018 ஜனவரியில் வந்த வழிகாட்டுதலின்படி கற்றல் குறைபாட்டுக்கு 8, 14, 18 வயதில் சான்று தர வேண்டும். 18 வயதில் தருவது ஆயுளுக்கும் செல்லும். 2024இல் வழிகாட்டுதல்கள் திருத்தப்பட்டன. ஆகவே பழைய வீடியோக்களை நம்பாமல், குழுவிடமே தற்போதைய விதியைக் கேளுங்கள்.

குறைபாட்டின் அளவாகச் சான்றிதழில் எழுதும் சதவீதம் முக்கியம். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இடஒதுக்கீடு. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து 1 சதவீதம். அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும், சேர்க்கை வயதில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. 40க்குக் கீழே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். எழுதுவதில் சிரமம் உள்ள விகாஷ் குமார் என்பவர் யூ.பி.எஸ்.சி.க்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காக எழுத்தரை (சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தருபவரை) மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

படி 8: கல்லூரியில் கொடுப்பது

தேர்வுக்கு முந்தைய வாரம் போய் நிற்காதீர்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே துறைத் தலைவர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு மனு எழுதி, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதல் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் தரச் சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம். எழுத்தரை நீங்களே அழைத்து வருவதானால் அவர் படிப்பு உங்கள் படிப்பைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் அந்த 2018 வழிகாட்டுதல் சொன்னது; தற்போதைய விதியைத் தேர்வு அலுவலகத்திலேயே கேளுங்கள். தேர்வு நடத்துபவர்களே தருவதானால் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அவரைச் சந்திக்கலாம் என்றும் அதில் இருந்தது. உங்கள் பாடத்தின் சொற்களை அவரால் எழுத முடிகிறதா என்று அன்றைக்கே ஒரு பக்கம் சொல்லிப் பாருங்கள். சரிவராவிட்டால் மாற்றக் கேட்க அப்போது நேரம் இருக்கும்.