கண்ணாடி மணிக் கலைஞர்களுக்கு ஒரு வட்டாரச் சங்கம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரிக்கமேட்டில் கிடைத்த பொடிப் பொடிக் கண்ணாடி மணிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். உருகிய கண்ணாடியை நீளக் குழாயாக இழுத்து, ஆறியபின் நறுக்கி எடுத்தவை அவற்றில் ஏராளம். திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பநாயுடுபேட்டையில் அந்த முறை நம் காலம்வரை தொடர்ந்தது. அந்த வேலையைப் பலர் சேர்ந்துதான் செய்ய முடியும். இன்று அமெரிக்காவில் வீட்டு கராஜுக்குள் உட்கார்ந்து கலைஞர்கள் செய்யும் மணி வேறு வகை. மேசையில் திருகிப் பொருத்திய டார்ச் (எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து எரியும் தீக்குழல்), மணி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் களிப்பூச்சு தடவிய ஸ்டீல் கம்பி, கையில் ஒரு கண்ணாடிக் குச்சி. குச்சியின் நுனியை உருக்கிக் கம்பிமேல் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு மணியாக உருவாக்குவார்கள். பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டியதே இல்லை.

வட்டாரச் சங்கம் தொடங்குகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். தனியாகவே செய்துகொள்ள முடிகிற கலை இது. வீட்டில் கிடைக்காத ஏதோ ஒன்று சங்கத்தில் கிடைத்தால்தான் ஒருவர் சனிக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருவார். அமெரிக்காவில் 1993-இல் கண்ணாடி மணிக் கலைஞர்களுக்கென்று தேசிய அளவில் ஒரு சங்கம் உருவாகி, பிறகு சர்வதேசச் சங்கமாக வளர்ந்தது. அதன் வட்டாரக் கிளைகள் பல மாநிலங்களில் முளைத்தன. எங்கே பார்த்தாலும் சங்கங்களை நோகடிக்கும் தவறுகள் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

டார்ச் எரியாத கூட்டம்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. நூலகத்தின் கூட்ட அறை இலவசமாகக் கிடைக்கிறது என்று அங்கேயே மாதாமாதம் கூடுவார்கள். நெருப்புக்கு அங்கே அனுமதி இருக்காது. போன கூட்டத்தின் குறிப்பை வாசிப்பார்கள், வரவு செலவு சொல்வார்கள், காபி குடிப்பார்கள், கலைந்து போவார்கள். நான்காவது மாதம் வருவது நிர்வாகக் குழு மட்டும்தான்.

கூட்டத்தில் ஒரு டார்ச்சாவது எரிய வேண்டும். தேர்ந்த கலைஞர் ஒருவர் ஒரு மணியை முதலிலிருந்து கடைசிவரை செய்துகாட்ட, மற்றவர்கள் பாதுகாப்புக் கண்ணாடியோடு சுற்றி நிற்க வேண்டும். குச்சியைத் தீயின் எந்த இடத்தில் பிடிக்கிறார், கம்பியை எவ்வளவு வேகத்தில் சுழற்றுகிறார், கண்ணாடி இளகித் தொங்கத் தொடங்கும் கணத்தில் கையை எப்படித் திருப்புகிறார் என்பதையெல்லாம் வீடியோவில் பார்த்தால் பாதிதான் பிடிபடும். பக்கத்தில் நின்று, “இப்ப ஏன் தீயை விட்டு வெளியே எடுத்தீங்க?” என்று கேட்பதற்காகத்தான் ஆள் வருகிறார். நிர்வாக விஷயங்களைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். நூலக அறையைப் பொதுக்குழுவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மாதங்களில் யாராவது ஒருவருடைய ஸ்டுடியோவில் கூடுங்கள்.

அப்படி ஸ்டுடியோவில் கூடும்போது அடுத்த கவலை வருகிறது.

எரிவாயுவும் மின்சாரமும்

புரொப்பேன் காற்றைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது. தரையில் படர்ந்து பள்ளமான இடத்தில் தேங்கும். அதனால் நிலவறை ஸ்டுடியோவில் கூட்டம் வைப்பதாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். பார்பிக்யூ அடுப்புக்குப் போடும் 20 பவுண்டு சிலிண்டரை வீட்டுக்குள் வைக்க அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை. சிலிண்டர் வெளியே, நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். குழாய் மட்டும் உள்ளே வரலாம். “இரண்டு மணி நேரம்தானே” என்று யாராவது சிலிண்டரை உள்ளே தூக்கி வந்தால், அவர் தலைவராகவே இருந்தாலும் கூட்டத்தை நிறுத்துங்கள். ஆக்சிஜன் ரெகுலேட்டரின் மறையில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. திருக இறுக்கமாக இருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு ஒரு சொட்டு விடும் உறுப்பினர் எல்லாச் சங்கத்திலும் இருப்பார். அழுத்தத்தில் வரும் ஆக்சிஜனில் அந்தச் சொட்டு தீப்பிடித்துக்கொள்ளும்.

மின்சாரத்தைப் பலர் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. சிலிண்டருக்குப் பதிலாக, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரை இப்போது நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். ஒன்று சுமார் 350 வாட் இழுக்கும். அமெரிக்க வீட்டின் 15 ஆம்பியர் சர்க்யூட்டில் தொடர்ந்து மூன்று ஓடினால் பத்திரம், நாலாவது வரம்பை ஒட்டிவிடும். செய்த மணிகளைப் போட்டு மெல்ல ஆறவிடும் சிறிய மின்சூளை, அதாவது கில்ன், ஒன்றே கிட்டத்தட்ட அந்த சர்க்யூட் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே வழியில் செருகினால் பயிற்சி நாள் நடுவில் பிரேக்கர் விழும். டார்ச் மங்குவதை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். மூலையில் கில்ன் அணைந்து கிடப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். காலையிலிருந்து பத்துப் பேர் செய்துபோட்ட மணிகள் அதற்குள் தாறுமாறாக ஆறிக்கொண்டிருக்கும். எந்தப் பிளக் எந்த சர்க்யூட் என்று ஸ்டுடியோக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒரு தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். கில்னுக்குத் தனி சர்க்யூட் கொடுங்கள்.

பாதுகாப்புக் கண்ணாடி அணிவதையும் கண்டிப்பாக்குங்கள். சோடா கலந்த கண்ணாடி பட்டதும் தீ மஞ்சளாகப் பளீரென்று எரியும். அந்த வெளிச்சத்தை வடிகட்டினால்தான் மணியே கண்ணுக்குத் தெரியும். அதற்கு டிடிமியம் என்ற தனி வகை மூக்குக்கண்ணாடி. அதிகச் சூட்டில் உருகும் போரோசிலிகேட் கண்ணாடியில் வேலை செய்கிறவர்களுக்கு அது போதாது, இன்னும் அடர்ந்த கண்ணாடி வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் கொடுக்க நாலைந்து உபரியாகச் சங்கப் பெட்டியில் இருக்கட்டும்.

பொதுக் குச்சி டப்பா

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல மனதால் நடக்கும் தவறு இது. உறுப்பினர்கள் மிச்சம் மீதிக் குச்சிகளைக் கொண்டுவந்து ஒரு டப்பாவில் போடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் அதிலிருந்து எடுத்துப் பழகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சூட்டில் எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவு விரிவதில்லை. இத்தாலியின் எஃபெட்ரே போன்ற மென்கண்ணாடிகளுக்கு விரிவு எண் 104. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் தயாராகும் புல்சை கண்ணாடிக்கு 90. போரோசிலிகேட்டுக்கு 33. ஒரே மணியில் 104-உம் 90-உம் கலந்துவிட்டால், ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், இன்னொன்று குறைவாகச் சுருங்கும். மணி அன்றைக்கே விரிசல் விட்டாலும் பரவாயில்லை. சில சமயம் அழகாக கில்னிலிருந்து வெளியே வந்து, கழுத்து மாலையில் ஏறி, நாலு வாரம் கழித்து இரண்டாகப் பிளக்கும். அதைச் செய்த புது ஆள் தன் கையில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வார். ஒரு நீலக் குச்சியையும் இன்னொரு நீலக் குச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது எந்த எண் என்று சொல்லிவிட முடியாது.

ஆகவே எண்ணுக்கு ஒரு டப்பா. எந்தக் குச்சி என்று உறுதியாகத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கெனவே கலந்து கிடக்கும் டப்பாவைத் தூக்கிப் போட மனமில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. எண் தெரிந்த குச்சியின் நுனியையும் சந்தேகக் குச்சியின் நுனியையும் பக்கவாட்டில் ஒட்டி உருக்கி, இடுக்கியால் பிடித்து மெல்லிய இழையாக இழுங்கள். இரண்டு கண்ணாடியும் இழையின் நீளம் முழுக்க அருகருகே ஓட வேண்டும். ஆறிய பின் இழை நேராக நின்றால் இரண்டும் ஒத்துப்போகும். ஒரு பக்கமாக வளைந்தால் ஒத்துப்போகாது. ஒரு கூட்டத்தில் இதையே செய்துகாட்டினால் மறுபடி யாரும் கண்டதையும் டப்பாவில் போட மாட்டார்கள்.

இதோடு சேர்ந்தது அனீலிங். செய்த மணியை, மென்கண்ணாடியாக இருந்தால் சுமார் 510 டிகிரி செல்சியஸில் கில்னுக்குள் நிறுத்தி, பிறகு மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே இறுகி நிற்கும் அழுத்தம் விலகும். போரோசிலிகேட்டுக்கு இன்னும் கூடுதல் சூடு. வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள் நிரப்பிய பாத்திரத்திலோ சூடு தாங்கும் செராமிக் இழைப் போர்வையிலோ மணியைச் செருகி வைப்பது உடனடியாக உடையாமல் காக்கும், அவ்வளவுதான். பயிற்சி நாளில் அதைச் செய்துவிட்டு “அனீல் ஆயிடுச்சு” என்று சொல்லி அனுப்பாதீர்கள். பெயர் எழுதிய உறையோடு வாங்கி வைத்து, கில்ன் உள்ள உறுப்பினர் ஒருவர் மீண்டும் மெதுவாகச் சூடேற்றி முறைப்படி அனீல் செய்து அடுத்த கூட்டத்தில் கொடுக்கட்டும்.

தன் சட்டைப்பையில் சங்கப் பணம்

சந்தாவைப் பொருளாளர் தன் சொந்த வங்கிக் கணக்கில் போட்டு வைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. நேர்மையானவர்தான், யாருக்கும் சந்தேகமில்லை. அவர் திடீரென்று நோய்வாய்ப்பட்டால் என்ன செய்வீர்கள்? சங்கத்தின் பெயரில் வரி அடையாள எண் வாங்கி, இரண்டு பேர் பார்க்கக்கூடிய கணக்கைத் தொடங்கிவிடுங்கள். வரிவிலக்குப் பெற்ற சங்கமாகப் பதிந்திருந்தால் ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருந்தாலும் 990-என் என்ற சின்னப் படிவத்தை ஆண்டுதோறும் இணையம் வழியாக வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். பத்து நிமிட வேலை. தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்குத் தானாகவே ரத்தாகிவிடும். கைவினைச் சங்கங்களுக்கு இது நேர்வதற்குக் காரணம் பெரும்பாலும், பழைய செயலாளருடைய மின்னஞ்சலுக்கு வந்த நினைவூட்டலைப் புதியவர் பார்க்காததுதான்.

காப்பீட்டிலும் இதே அலட்சியம் உண்டு. வீட்டுக் காப்பீடு ஸ்டுடியோவில் நடக்கும் சங்கப் பயிற்சியையும் சேர்த்துக் காக்கும் என்று நம்பிவிடாதீர்கள். கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

வெளியூர் ஆசிரியரை அழைக்கும்போது

பெயர்பெற்ற ஆசிரியர் ஒருவர் வருகிறார் என்றால் ஊரே உற்சாகமாகும். அந்த உற்சாகத்தில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிடுவார்கள். உதாரணத்துக்கு, இரண்டு நாளுக்கு ஆசிரியர் சம்பளம் 2,000 டாலர், விமானம் 400, கண்ணாடியும் எரிவாயுவும் 300 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,700. பத்து இடம் இருக்கிறது, ஆளுக்கு 270 என்று வைத்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். கடைசி வாரம் இரண்டு பேர் விலகினால் 540 டாலர் சங்கத்தின் தலையில். ஏழு பேர் வந்தாலே செலவு கட்டுப்படியாக வேண்டும் என்று கணக்கிட்டால் ஆளுக்கு 386 வருகிறது. அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. பணத்தை முன்பதிவிலேயே வாங்கிவிடுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு திருப்பித் தர மாட்டீர்கள் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். ஏழு பேர் சேராவிட்டால் ரத்து செய்யும் தேதியை ஆசிரியரிடமும் எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள். அவரும் விமான டிக்கெட் எடுத்துவிட்டுத் தவிக்கக் கூடாது.

ஆசிரியர் கற்றுத்தந்த வடிவத்தை அப்படியே செய்து மறுமாதம் சந்தையில் விற்பது இன்னொரு புண். வகுப்பில் கற்ற உத்தி கற்றவருக்குச் சொந்தம். ஆசிரியரின் தனித்த வடிவம் அப்படியல்ல. எதை விற்கலாம், எதைப் பழக மட்டும் செய்யலாம் என்று வகுப்பின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு பாதி இதிலேயே போய்விடும்.

சங்கத்தின் விற்பனை மேசையில் உறுப்பினர் கையால் செய்தது மட்டும் இருக்க வேண்டும். மொத்த விலைக்கு வாங்கிய இறக்குமதி மணி ஒன்றே ஒன்று நுழைந்தாலும் மேசையில் இருக்கும் எல்லோருடைய விலையும் விழும். இதில் நட்புக்காக விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நன்கொடை மணிகள்

2004-இல் அரிசோனாவில் ஜீன் பாருக் என்ற செவிலியர் தொடங்கிய ‘பீட்ஸ் ஆஃப் கரேஜ்’ திட்டத்துக்கு அமெரிக்கக் கண்ணாடி மணிக் கலைஞர்கள் நிறையக் கொடுத்திருக்கிறார்கள். கடும் நோயோடு போராடும் குழந்தை தான் கடந்த ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு மணி பெறுகிறது. ஊசிக்குக் கறுப்பு, கீமோவுக்கு வெள்ளை என்று மாலை நீண்டுகொண்டே போகும். கலைஞர்கள் செய்து அனுப்பும் மணிகளும் அதில் கோக்கப்படுகின்றன. சங்கத்தை ஒன்றுசேர்த்து வைக்க இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

இங்கே தவறு எண்ணிக்கை ஆசையில் வருகிறது. இந்த ஆண்டு இத்தனை மணி கொடுத்தோம் என்று சொல்வதற்காகப் பழகிய மணி, கோணல் மணி எல்லாவற்றையும் அள்ளிப்போடுகிறார்கள். குழந்தையின் விரலில் கீறும் கூர்முனை இருக்கக் கூடாது. அனீல் செய்யாத மணி போகக் கூடாது. துளைக்குள் களிப்பூச்சுத் தூள் மிச்சமிருக்கக் கூடாது. எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தையின் கைக்குப் போகிறது அது. துளையைத் தண்ணீருக்குள் வைத்து வைரத்தூள் ஊசியால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரில் செய்தால் தூள் உங்கள் நுரையீரலுக்கும் போகாது. கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, ஆளுக்கொரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கழுவலாம். பேச்சும் சேர்ந்து நடக்கும், புதியவர் பழையவர் என்ற வித்தியாசமும் போகும்.

ஒரே ஆளின் தலையில்

கடைசியாக ஒன்று. சுறுசுறுப்பான ஒருவர் தலைவராகி, செயலாளர் வேலையையும் பார்த்து, கில்னையும் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, ஆறேழு ஆண்டு ஓடிவிடும். யாரும் மாற்றச் சொல்ல மாட்டார்கள், நன்றாகத்தானே நடக்கிறது. அவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் சங்கமும் கூடவே போய்விடும். தலைமைப் பொறுப்புக்கு இரண்டு ஆண்டு வரம்பு வையுங்கள். அடுத்து வரப்போகிறவர் ஓராண்டு துணையாக இருந்து பழகட்டும். உறுப்பினர் பட்டியல், வங்கி விவரம், வரி எண், காப்பீட்டுத் தாள், சங்கச் சொத்துகள் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்ற குறிப்பு, ஆசிரியர்களோடு போட்ட ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே கோப்பில், குறைந்தது இரண்டு பேரிடம் இருக்கட்டும். சங்கத்தின் டார்ச்சுகளிலும் கில்னிலும் சங்கத்தின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.