லேப்டாப்புக்கு அது குடத்துத் தண்ணீர் என்று தெரியாது: வீட்டில் ஹாட்ஸ்பாட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை பத்து மணிக்கு அக்கா மகளுக்கு ஆன்லைன் தேர்வு. முந்தின நாளே ரீசார்ஜ் செய்தாயிற்று, தினம் 2 ஜிபி பேக். அக்காவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதாவது போன் டேட்டாவை வைஃபையாகப் பகிர்ந்து, லேப்டாப்பை இணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது. "மாமா, பக்கமே திறக்க மாட்டேங்குது. இன்னைக்கு டேட்டா தீர்ந்துபோச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. நான் ஒரு வீடியோகூடப் பார்க்கலை."

அவள் சொன்னது உண்மைதான். டேட்டாவைச் செலவழித்தது லேப்டாப். இரண்டு மாதம் மூடியே கிடந்ததை அன்றுதான் திறந்திருக்கிறாள். வைஃபை கிடைத்ததும் அது சேர்ந்து கிடந்த விண்டோஸ் அப்டேட்டுகளை இறக்க ஆரம்பித்துவிட்டது. கூடவே கிளவுடில் படங்களை ஏற்றும் வேலையையும் தொடங்கிவிட்டது.

ஹாட்ஸ்பாட்டில் வரும் சிக்கல்களில் பல இந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகின்றன. நம் போனில் இருப்பது ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து வைத்த குடத்துத் தண்ணீர். லேப்டாப்பும் டிவியும் டேப்லெட்டும் அதைக் குழாய்த் தண்ணீர் என்று நினைத்துக்கொள்கின்றன. அவற்றுக்குத் தெரிவதெல்லாம் வைஃபை வந்திருக்கிறது என்பது மட்டும்தான். வைஃபை என்றால் அளவில்லாமல் வரும் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான செயலிகளும் எழுதப்பட்டிருக்கின்றன. "வைஃபையில் மட்டும் அப்டேட் செய்", "வைஃபையில் மட்டும் பேக்கப் எடு" என்று டேட்டாவை மிச்சம் பிடிக்க நாம் போட்டுவைக்கும் செட்டிங்கே இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

ஆகவே முதல் தவறு, இணைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுவது. இணைத்ததும் அந்தக் கருவியிடம் இது அளவுள்ள இணைப்பு என்று சொல்ல வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை என்று போய், உங்கள் ஹாட்ஸ்பாட் பெயருக்கான ப்ராப்பர்ட்டீஸைத் திறங்கள். அங்கே 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை ஆன் செய்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்டுகள் தானாக இறங்காது. ஒரு ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு முறை செய்தால் போதும், லேப்டாப் நினைவில் வைத்துக்கொள்ளும். ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினால் மட்டும் மறுபடி செய்ய வேண்டும். ஐபோனோ ஐபேடோ இணைகிறது என்றால் அந்த வைஃபை பெயருக்குள் போய் 'லோ டேட்டா மோட்' போடுங்கள். ஆண்ட்ராய்டிலும் வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போனால் 'மீட்டர்டு' என்று மாற்ற வழி இருக்கிறது.

அடுத்து வீடியோ. யூடியூப் செயலியில் வீடியோ தரத்துக்கு இரண்டு தனித் தேர்வுகள் உண்டு, ஒன்று மொபைல் டேட்டாவுக்கு, இன்னொன்று வைஃபைக்கு. நாம் மொபைல் டேட்டாவில் மட்டும் 'டேட்டா சேவர்' போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம். ஹாட்ஸ்பாட்டில் இணைந்த டேப்லெட்டோ அதை வைஃபை கணக்கில் எடுத்துக்கொண்டு நல்ல தரத்தில் ஓட்டும். பிள்ளைகள் கையில் இருக்கும் டேப்லெட்டில் இரண்டு இடத்திலும் டேட்டா சேவர் போட்டுவிடுங்கள்.

டிவி இதைவிடப் பெரிய வாய். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கைப் பாருங்கள்: சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்டி என்றால் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. தினம் 2 ஜிபி பேக் எச்டியில் நாற்பது நிமிடத்திலேயே தீர்ந்துபோகலாம். படம் இடைவேளையைத் தொடாது.

தீர்ந்தால் என்ன, வேகம்தானே குறையும் என்று சிலர் சொல்வார்கள். எவ்வளவு குறைகிறது என்று பார்க்க வேண்டும். இங்கே பல பேக்குகளில் அன்றைய அளவு முடிந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அது நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நான்கு எம்பி வினாத்தாள் என்றால் எட்டு நிமிடம் காத்திருக்க வேண்டும், அதுவும் வேறு எதுவும் ஓடாமல் இருந்தால். நடுவில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து. அன்று அக்கா மகளுக்கு நடந்தது இதுதான். கூடுதல் டேட்டா தரும் பூஸ்டர் பேக் ஒன்று போட்டு எப்படியோ தேர்வை முடித்தாள். அந்தப் பதினைந்து நிமிடப் பதற்றத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கவே வேண்டாம். முன்கூட்டி ஒரு பொத்தானைத் தட்டியிருந்தால் போதும்.

'5ஜி அன்லிமிடெட்' என்பதை நம்பி ஏமாறுவதும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அந்த அன்லிமிடெட், போன் 5ஜியில் நிற்கும் வரைக்கும்தான். 4ஜிக்கு இறங்கிவிட்டால் செலவு தினசரிக் கணக்கிலிருந்து போகும். இந்தியாவில் 5ஜி பெருமளவு 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. வேகம் அதிகம், ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டி உள்ளே வருவதில் 4ஜிக்குப் பயன்படும் 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளின் தெம்பு இதற்குக் கிடையாது. ஹாலில் 5ஜி காட்டிய போன், உள் அறைக்குப் போனதும் 4ஜிக்குத் தாவும். உங்களுக்குச் சொல்லிவிட்டுத் தாவாது. பெரிய ஃபைல் ஏதாவது இறக்குமுன் போனின் மேல் ஓரத்தில் எந்த எழுத்து தெரிகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

போனை எங்கே வைக்கிறோம்

இந்தத் தவறை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். நெட் மெதுவாக இருந்தால் போனைக் கொண்டுவந்து லேப்டாப்பை ஒட்டி வைப்பார்கள். லேப்டாப்பில் வைஃபை கோடுகள் முழுசாகத் தெரியும். "சிக்னல் ஃபுல்லா இருக்கு, ஆனா ஓட மாட்டேங்குது" என்பார்கள்.

அந்தக் கோடுகள் காட்டுவது லேப்டாப்புக்கும் போனுக்கும் நடுவில் உள்ள வைஃபை சிக்னலை மட்டும்தான். போனுக்கும் டவருக்கும் நடுவில் எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. இடறுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதையில்தான். ஆகவே போன் போக வேண்டியது லேப்டாப்பிடம் அல்ல, ஜன்னலிடம். பத்துப் பதினைந்து அடி தள்ளி இருந்தாலும் லேப்டாப் போனைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த ஜன்னல் என்பதற்கும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் பலவற்றில் செட்டிங்ஸில் அபவுட் போன், அதற்குள் ஸ்டேட்டஸ் அல்லது சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரெங்த் என்று ஒரு எண் தெரியும், முன்னால் மைனஸ் குறியோடு, பின்னால் டிபிஎம் என்று. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 85 என்றால் நன்றாக இருக்கிறது, மைனஸ் 115 என்றால் திணறல். அக்கா வீட்டில் இதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தேன். போன் வழக்கமாக இருக்கும் இடம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சின்ன மேசை. அங்கே மைனஸ் 113. சமையலறை ஜன்னலில் மைனஸ் 101. ஹாலில் தெருப்பக்க ஜன்னல் அருகே மைனஸ் 92. இரும்பு பீரோ அலையை மறைத்துக்கொண்டு நிற்கிறது என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. ஒரு ஸ்டூலைத் தூக்கி ஜன்னலோரம் போட்டோம், அவ்வளவுதான் செலவு. எண் கொஞ்சம் தாமதமாகத்தான் மாறும், ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நின்று பாருங்கள்.

ஜன்னல் என்றேன், வெயில் என்று சொல்லவில்லை. ஹாட்ஸ்பாட் ஓடும்போது போன் டவரோடும் பேசுகிறது, வைஃபையும் பரப்புகிறது. சிக்னல் பலவீனமாக இருந்தால் இன்னும் உரக்கக் கத்த வேண்டியிருக்கும், அதனால் இன்னும் சூடாகும். அதற்கு மேல் சார்ஜும் போட்டு, தடித்த கவரும் மாட்டி, மெத்தைமேல் வைத்தால் சூடு வெளியேற வழியே இல்லை. ஐபோனை 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தலாம் என்று ஆப்பிள் சொல்கிறது. சித்திரை, வைகாசியில் நம் வீட்டு ஹாலே அந்த அளவைத் தொட்டுவிடும். சூடு கூடினால் போன் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை நிறுத்தும். இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் பேட்டரியின் ஆயுள் போய்விடும்.

கவரைக் கழற்றுங்கள். மரப்பலகை, கல் திண்டு மாதிரி இடத்தில் வையுங்கள். டிவி மேலேயும் இன்வெர்ட்டர் மேலேயும் வேண்டாம். பின்பக்க மூடி லேசாக எழும்பியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அன்றோடு அந்தப் போனை நிறுத்திவிடுங்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள்.

ஒரே ஒரு லேப்டாப்புக்குத்தான் நெட் வேண்டும் என்றால் வைஃபையே வேண்டாம், கேபிளைச் செருகி யுஎஸ்பி டெதரிங் போடலாம், அதாவது போனின் நெட்டைக் கேபிள் வழியே லேப்டாப்புக்குக் கொடுக்கலாம். வைஃபை பரப்பும் வேலை போனுக்கு மிச்சம், கடவுச்சொல் கவலையும் இல்லை. கேபிள் செருகியும் டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருக்கிறதா? போனில் கோளாறு தேடுவதற்குமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். பவர் பேங்க்கோடும் விளக்கோடும் வரும் சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டாவுக்கான கம்பியே உள்ளே இருக்காது. புளூடூத் டெதரிங் அவசரத்துக்கு ஒரு மெயில் அனுப்ப உதவும். வகுப்புக்கு ஆகாது.

அப்புறம் வைஃபையின் 2.4, 5 என்ற இரண்டு அலைப் பட்டைகள் (பேண்ட்). 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஒரு சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4 தூரம் போகும், வேகம் குறைவு. பழைய பிரிண்டரிலோ டிவியிலோ ஹாட்ஸ்பாட் பெயரே வரவில்லை என்றால் போன் 5இல் இருக்கும். ஆண்ட்ராய்டில் பேண்டை 2.4க்கு மாற்றுங்கள், ஐபோனில் 'மேக்சிமைஸ் கம்பேட்டிபிலிட்டி'யை ஆன் செய்யுங்கள்.

இரண்டு சிம் உள்ள வீட்டில்

வகுப்பு நடுவில் திடீரென்று அறுந்து, இரண்டு நிமிடம் கழித்துத் தானே வருகிறதா? அந்த நேரத்தில் போனில் யாராவது பேசினார்களா என்று கேளுங்கள். நம் ஊரில் பலர் வைத்திருப்பது இரண்டு சிம் போன், ஒன்று வங்கிக்கும் பழைய பழக்கத்துக்கும், மற்றது டேட்டாவுக்கு. பல போன்களில் முதல் சிம்மில் அழைப்பு வந்து பேசும்போது இரண்டாவது சிம்மின் டேட்டா நின்றுவிடும். சித்தப்பா நலம் விசாரிக்கும் பத்து நிமிடமும் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்களுக்கு நெட் கிடையாது. பேசும்போது டேட்டாவைத் தானாக அடுத்த சிம்முக்கு மாற்றும் வசதி ஐபோனிலும் சாம்சங் முதலான போன்களிலும் இருக்கிறது, ஆனால் அந்தச் சிம்மிலும் டேட்டா பேக் இருந்தால்தான் பயன். தேர்வு, நேர்காணல் போன்ற நேரங்களில் மற்ற சிம்முக்கு வரும் அழைப்புகளை வேறொரு போனுக்குத் திருப்பிவிடுவதுதான் பாதுகாப்பு.

இதற்காக வங்கி ஓடிபி வரும் சிம்மைக் கழற்றி ஒரு பழைய போனில் போட்டு, அதை வீட்டு ரவுட்டர் மாதிரி வைத்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். பணம் எடுத்ததாக மெசேஜ் வந்தால் யாரும் பார்க்காத ஒரு மூலையில் கிடக்கும். தனி டேட்டா சிம்முக்குத் தனி ஹாட்ஸ்பாட் கருவியே விற்கிறது.

கடவுச்சொல் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன் எண்ணையே கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். 12345678 வேண்டவே வேண்டாம். ஒரு தடவை கொடுத்துவிட்டால் அந்தக் கருவி மறக்காது. விசேஷத்துக்கு வந்த விருந்தாளியின் போன் அடுத்த முறை வாசல் தாண்டியதும் தானே இணைந்துகொள்ளும், அவர் படங்களை எல்லாம் உங்கள் டேட்டாவில் பேக்கப் எடுக்கும். விருந்தினர் போனதும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் இணைவதற்கான கியூஆர் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் ஆபத்து, அந்தப் படத்துக்குள் கடவுச்சொல் அப்படியே எழுத்தாக இருக்கிறது. சிம் உங்கள் பெயரில் வாங்கியது. அந்த இணைப்பில் யாராவது தவறு செய்தால் விசாரணை முதலில் வந்து நிற்பது உங்கள் வாசலில்.

போனில் விபிஎன் (போகும் வரும் தகவலை மறைத்து அனுப்பும் செயலி) ஓடுகிறது, அதனால் லேப்டாப்பும் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. ஆண்ட்ராய்டில் போனின் விபிஎன் பொதுவாக ஹாட்ஸ்பாட்டில் இணைந்தவர்களுக்குச் சேராது. லேப்டாப்பில் தனியாகப் போட வேண்டும். ஹாட்ஸ்பாட் பொத்தானே ஆன் ஆகவில்லை என்றால் போனில் 'டேட்டா சேவர்' போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அது இருந்தால் ஹாட்ஸ்பாட் வேலை செய்யாது.

இனி அந்த நிறுத்தி வைத்த அப்டேட்டுகள். பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றில்தான் வரும், காலம் முழுக்கத் தள்ளிப்போட முடியாது. தினசரி பேக்கில் மீதி டேட்டா பெரும்பாலும் நள்ளிரவோடு காலாவதி ஆகிறது, அடுத்த நாளுக்கு வராது. ஆகவே அக்கா வீட்டில் இப்போது வாரம் ஒரு நாள் இரவு பத்தரைக்கு மீதி எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஒரு ஜிபி போல இருந்தால், லேப்டாப்பை ஜன்னலோர ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்து விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'டவுன்லோட்' பொத்தானைக் கையால் அழுத்துகிறாள் அக்கா மகள். பன்னிரண்டுக்குள் முடியாவிட்டால் நிறுத்திவிட்டு மூடிவிடுகிறாள்.