மருத்துவர் பக்கத்தில் இல்லாதபோது நோயுற்ற பூனைக்கு வீட்டுக் கவனிப்பு

பூனை ஒருநாள் முழுக்கச் சாப்பிடவில்லையா? "தானா சரியாயிடும்" என்று விடாதீர்கள். மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் சேர்ந்து அதைக் கெடுத்துவிடும். கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

முதலில் நீர்ச்சத்தைப் பாருங்கள். தோள்களுக்கு நடுவே தோலைத் தூக்கி விட்டதும் அது மெதுவாகப் படிந்தால், ஈறும் பிசுபிசுத்தால், உடம்பு வறண்டிருக்கிறது. ஊசி நீக்கிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்து, கோரைப்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியில், வாயோரமாக அரை மில்லி விடுங்கள். விழுங்கிய பிறகே அடுத்த அரை மில்லி. அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மயங்கிய பூனைக்கு வாய்வழி எதுவுமே கூடாது.

மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, அதனால்தான் உண்ணாது. ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துவிட்டு, உப்பு, வெங்காயம், பூண்டு, முள் இல்லாமல் வேகவைத்த மீனை வெதுவெதுப்பாக இருக்கும்போதே வையுங்கள். பால் வேண்டாம், கழிச்சல் கூடும்.

பாராசிட்டமால் தரவே தராதீர்கள். ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும். நாய்க்கான சில உண்ணி மருந்துகளும் அப்படித்தான், அவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தரை சில்லிடும். அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள்.

கடுவன் (ஆண் பூனை) முக்கியும் சிறுநீர் வரவில்லை, வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது, வயலில் வைத்த எலிமருந்தைத் தின்றிருக்கலாம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கால்நடை அவசர உதவி எண்ணான 1962க்கு அழைத்துக் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்தவர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.